பால் குடிக்காத பால் பைத்தான்

மகன் ஒரு பாம்பு வாங்கியிருக்கிறான், பெயர் பால் பைத்தான் என்று ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தினம் எவ்வளவு பால்டா ஊத்தணும்?" புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த தலைமுறை, கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தப் 'பால்' ஆங்கிலப் பால், அதாவது பந்து. பயம் வந்தால் இந்தப் பாம்பு பெரும்பாலும் சீறுவதோ கொத்துவதோ இல்லை. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, உடம்பை இறுக்கிப் பந்தாகச் சுருண்டுவிடும். பிரிட்டனில் இதை ராயல் பைத்தான் என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். பால் விஷயத்துக்கு வந்தால், எந்தப் பாம்புக்குமே பால் உணவல்ல. இதற்கு வேண்டியது ஒரு கிண்ணம் தண்ணீரும், அவ்வப்போது ஓர் எலியும்.

பைத்தான் என்றதும் நம் மனதில் வருவது மலைப்பாம்பு. ஆட்டை விழுங்கிவிட்டு அசைய முடியாமல் கிடக்கும் பதினைந்து அடி உருவம். இது அந்தக் குடும்பம்தான், ஆனால் ஆப்பிரிக்க மலைப்பாம்புகளிலேயே சிறியது. வளர்ந்த பாம்பு மூன்றிலிருந்து ஐந்து அடி வரை இருக்கும். பெண் பெரிது, ஆண் சிறிது. எடை பெரும்பாலும் 1 முதல் 2 கிலோவுக்குள். நீளத்துக்குக் கொஞ்சம் குண்டு, கழுத்து மட்டும் மெலிசு. விஷம் கிடையாது.

சரி, இதை வளர்க்கலாமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன்னால், காட்டில் இது எங்கே வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. மேற்கே செனகலில் தொடங்கி கிழக்கே உகாண்டா வரை, ஆப்பிரிக்காவின் புல்வெளிகளும் மரம் அடர்த்தியில்லாத காடுகளும் வயல்வெளிகளும் இதன் இடம். பகல் முழுக்க எலி வளைக்குள்ளோ கறையான் புற்றுக்குள்ளோ கிடக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை இது அப்படியே செய்கிறது. அந்தப் புற்றுக்குள் இருட்டு, இதமான சூடு, விடாத ஈரப்பதம். முதுகும் வயிறும் ஏதாவது ஒன்றில் உரசிக்கொண்டே இருக்கும் நெருக்கம். இரவில் வெளியே வந்து எலியைத் தேடும், கிடைத்தால் தின்னும், திரும்பிப் போய்ப் படுக்கும். ஒளிந்திருப்பதுதான் இதன் பிழைப்பு. வீட்டில் வளர்ப்பவருக்கு இதனால் கிடைக்கும் சௌகரியங்களும் சரி, படுகிற பாடும் சரி, அந்த ஒரே குணத்திலிருந்து வருபவை.

பெனின் நாட்டில் உய்தா என்ற ஊரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவை இந்தப் பாம்புகள்தான். கத்தோலிக்கப் பேராலயத்துக்கு நேர் எதிரே உள்ள அந்தக் கோயிலிலிருந்து பாம்புகளை அவ்வப்போது இரவில் வெளியே விடுவார்கள். இரை தேடப் போன பாம்பு யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்தால் அடிக்க மாட்டார்கள்; பத்திரமாக எடுத்துவந்து கோயிலில் விடுவார்கள். நைஜீரியாவின் இக்போ மக்களில் சில ஊர்க்காரர்கள், தெரியாமல் இந்தப் பாம்பைக் கொன்றுவிட்டால் அதற்குச் சின்னதாகச் சவப்பெட்டி செய்து அடக்கம் செய்வதுண்டு. நாகத்தைக் கும்பிடும் நமக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம்: நாம் கும்பிடுவதில் பயம் பாதி. இதைப் பார்த்துப் பயப்பட அவர்களுக்குப் பெரிதாகக் காரணம் இல்லை.

அந்தச் சாதுவான குணம்தான் செல்லப்பிராணிச் சந்தையில் இதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இங்கே இங்கிலாந்தில் பெரும்பாலும் சிபாரிசு செய்யப்படுவது ஒன்று சோளப் பாம்பு, இல்லையென்றால் இது. சோளப் பாம்பு கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். பால் பைத்தான் கையில் வைத்தால் மெதுவாக மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருக்கும். தொட்டால் வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, மழமழவென்று, உள்ளே தசை நகர்வது தெரிகிற மாதிரி இருந்தது.

வேறு நல்ல விஷயங்களும் உண்டு. குரைக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் சொன்னால் ஒழியத் தெரியவே தெரியாது. முடி உதிராது, பூனை, நாய் முடிக்குத் தும்முகிறவர்களுக்கு இது ஒரு வழி. நடைக்கு அழைத்துப் போக வேண்டாம். கழிவு வாரக்கணக்கில் ஒருமுறை வரும், வந்ததும் எடுத்துவிட்டால் நாற்றம் இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பாம்பை, தண்ணீரும் சூடும் சரியாக இருக்க, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். நாயை வைத்துக்கொண்டு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒரு வருடத்துச் சாப்பாட்டுச் செலவும் ஒரு பூனைக்கு ஆவதில் சிறு பங்குதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது உங்களை நேசிக்காது. கையில் எடுத்தால் சும்மா இருக்கிறதே, பாசமில்லையா என்றால், இல்லை. உங்கள் கை ஆபத்தில்லை என்று அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். கூப்பிட்டால் வராது. வாசலில் காத்திருக்காது. பகல் முழுவதும் குகைக்குள் கிடக்கும், ராத்திரி நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில் தலையை நீட்டும். பாம்பு வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு மூன்றாவது மாதத்தில் சலித்துப்போவது இதனால்தான். தொட்டிக்குள் ஒரு வாரமாக யாருமே இல்லாத மாதிரி இருக்கும்.

கடிக்குமா? கடிக்கும், ஆனால் அபூர்வம். பயந்து கடிப்பது ஒரு நொடி, முள் கீறியது போல. கையில் எலி வாசனை இருக்கும்போது உணவென்று நினைத்துக் கடிப்பது வேறு ரகம்: பிடித்துக்கொண்டு சுற்றிவிடும். பற்கள் சிறியவை, பின்பக்கமாக வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். பொறுமையாக இருந்து, வாய்ப்பக்கம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி பாடு. முதல் பாடு சூடு. பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. தின்றது செரிப்பதற்கே வெளிச்சூடு வேண்டும். தொட்டியின் ஒரு முனை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுமுனை 25, 26 அளவிலும் இருக்க வேண்டும். எப்போது எங்கே படுக்கலாம் என்று அது தானே தீர்மானித்துக்கொள்ளும். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் வருடத்தில் பாதி நாள் விளக்கும் ஹீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவு மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி, இல்லாமல் எதையும் செருகவே கூடாது. எங்களுக்குப் பாம்பை விற்ற கடையில் அடியில் விரிக்கும் சூடு விரிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள் இரவு சும்மா அளந்து பார்த்தேன், தரை 46 டிகிரி. நல்லவேளையாகப் பாம்பு அப்போது மறுமுனையில் இருந்தது. அடிவயிற்றுச் சூட்டை உடனே உணர்ந்து விலகிப்போகும் என்று இந்தப் பாம்பை நம்ப முடியாது, அப்படியே படுத்து வெந்துபோன கதைகள் உண்டு. கல் மாதிரி செய்து விற்கும் 'ஹாட் ராக்' வகையறாக்களைத் தொடவே வேண்டாம் என்பேன்.

ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். இது குறைந்தால் சட்டை உரிக்கும்போது தெரிந்துவிடும். உரிப்பதற்குச் சில நாள் முன்னால் கண் பால் கலந்தாற்போல் நீலம் பூத்துப் போகும் (பாலுக்கும் இதற்கும் உள்ள ஒரே சம்பந்தம்!), வயிறு இளஞ்சிவப்பாகும். அப்போது அதற்குப் பார்வை மங்கல், தொந்தரவு செய்யக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் மூக்கு முனையிலிருந்து வால் நுனி வரை சட்டை முழுசாக, கழற்றிப்போட்ட காலுறை மாதிரி வரும். ஈரம் போதவில்லையென்றால் துண்டு துண்டாகக் கிழிந்து, கண்மேல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். தரையில் போடத் தேங்காய் மட்டைத் துண்டும் நார்க்கழிவும் நல்லது. ஈரத்தைப் பிடித்துவைக்கும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது. எங்கள் ஊர்ப் பக்கம் கயிற்றுத் தொழிற்சாலை வாசலில் மலையாகக் குவிந்து கிடப்பதை இங்கே அழகான பையில் போட்டுக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதில் வளர்ப்பவர்களுக்குள் ஓயாத சண்டை. புற்றுக்குள் சுருண்டு கிடக்கிற பாம்புக்கு எதற்குப் பெரிய இடம் என்பார்கள் ஒரு சாரார். இழுப்பறை போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி வளர்ப்பார்கள். என் கருத்தில், ஒரு பாம்பு உடம்பை முழுநீளத்துக்கு நீட்ட முடியாத இடம் அதற்கு வீடாகாது. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்பது வளர்ந்த பாம்புக்கு இப்போது பலரும் சொல்லும் அளவு. ஆனால் வெறும் பெரிய கண்ணாடிப் பெட்டியாக இருந்தால் அது பயந்தே செத்துவிடும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமான இரண்டு மறைவிடங்கள் வேண்டும். நடுவில் இலை, கிளை, மரப்பட்டை என்று அடைத்துவிட வேண்டும். பூட்டும் முக்கியம். மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் மூக்கால் நெம்பிக்கொண்டு வெளியே போய்விடும், அப்புறம் சோபாவைக் கவிழ்த்துத் தேட வேண்டியதுதான்.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் பாதிப் பேர் பின்வாங்குவார்கள், பின்வாங்குவதும் நல்லது. பால் பைத்தான் காய்கறி தின்னாது, முட்டையைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. எலி முழுசாக வேண்டும். கொன்று உறைய வைத்த எலிகள் அளவு வாரியாகப் பாக்கெட்டில் விற்கின்றன; அவை இருக்கப்போவது உங்கள் வீட்டு ஃப்ரீசரில், பட்டாணிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் அதற்கென்று தனியாகச் சின்ன ஃப்ரீசர் வாங்கும் வரை சமையலறையில் அமைதி திரும்பவில்லை. முதல் நாள் இரவே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து உறைவு நீக்கி, அப்புறம் பையோடு வெந்நீரில் போட்டு உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, வெடிக்கும். இந்தப் பாம்பின் மேலுதட்டோரம் வரிசையாகக் குழிகள் உண்டு. வெப்பத்தை 'பார்க்கும்' குழிகள் அவை. எலி சில்லென்று இருந்தால் அதன் கணக்கில் அது எலியே இல்லை. நீண்ட இடுக்கியால் பிடித்து மெல்ல ஆட்டினால், ஒரே பாய்ச்சலில் பிடித்துச் சுற்றி இறுக்கிவிடும், ஏற்கெனவே செத்த எலியைத் திரும்பக் கொல்கிற மாதிரி.

உயிருள்ள எலியைப் போட்டால் இயற்கையாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். மூடிய பெட்டிக்குள் எலிக்கு ஓட இடமில்லை. பாம்புக்குப் பசியில்லாத நாளில் எலி அதைக் கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் காயம்பட்ட பாம்புகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். எலிக்கும் அது கொடுமை.

குட்டிக்கு வாரம் ஒருமுறை போதும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. எலியின் பருமன் பாம்பு உடம்பின் அகலமான பகுதியை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கக்கூடாது, எடுத்தால் கக்கிவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் அது சாப்பிடாமல் இருக்கும். பால் பைத்தான் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்பு மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருக்கும். இடம் மாறினால் சாப்பிடாது. சட்டை உரிக்கும் முன் சாப்பிடாது. சுண்டெலி பழகியது பெரிய எலியைத் தொடாது. பழுப்பு எலி தின்றது வெள்ளை எலியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பயந்துபோய்த் தினமும் எலியை நீட்டினால் இன்னும் மோசமாகும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவைப்பதே நல்ல வழி. எடை நிற்கிறதென்றால் விட்டுவிடலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அல்லது வாயில் குமிழி, மூச்சில் விசில் சத்தம் இருந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். அதிலும் எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பைத் தொட மாட்டார்கள். ஊர்வன பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்று வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கு இதனால் வரக்கூடிய நோய் சால்மொனெல்லா. பாம்பு பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் கழிவில் அந்தக் கிருமி இருக்கலாம். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ இருக்கிற வீட்டில் ஊர்வனவே வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

நிறங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பாம்பின் கதை முடியாது. இயற்கையில் இது கரும்பழுப்பில் தேன்நிறத் திட்டுகளோடு இருக்கும். என் கண்ணுக்கு அதைவிட அழகான நிறம் இல்லை. ஆனால் 1990-களில் வளர்ப்பில் அல்பினோ (கருநிறமி இல்லாத) குட்டிகள் பொரிக்கத் தொடங்கியதும் சந்தை வேறு பக்கம் திரும்பியது. மரபணுக்களைக் கலந்து கலந்து மஞ்சள், வெள்ளை, செம்பு, கோடு போட்டது, புள்ளியே இல்லாதது என்று ஆயிரக்கணக்கான 'மார்ஃப்', அதாவது நிற வகைகள், வந்துவிட்டன. சிலவற்றின் விலை ஒரு நல்ல காருக்குச் சமம். இதில் 'ஸ்பைடர்' என்ற வகையை மட்டும் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகளோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிறத்தைத் தரும் அதே மரபணு உள்காதின் அமைப்பைக் கெடுக்கிறது. தலை ஆடும், முறுக்கிக்கொள்ளும், சிலது எலியைக் குறிபார்த்துப் பிடிக்கவே திணறும். அந்த ஆட்டத்தை நடனம் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இன்றும் ஏராளமான குட்டிகள் ஏற்றுமதியாகின்றன. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. காட்டிலிருந்து வந்தது உண்ணியும் குடற்புழுவும் கொண்டுவரும், சாப்பிடவும் மறுக்கும். வளர்ப்பில் பொரித்த குட்டிதானா, கண்ணெதிரே எலி தின்றுகாட்டுகிறதா என்று கேட்டு வாங்குவது எல்லோருக்கும் நல்லது.

இதைப் படிக்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் முக்கியம். பிரிட்டனில் இதற்கு உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதே சட்டவிரோதம். நியூசிலாந்திலும் அமெரிக்காவின் ஹவாயிலும் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் விடாது. வெளிநாட்டு இனங்கள் நீண்ட காலம் சட்டத்தின் ஒரு சந்துக்குள் இருந்தன. 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரை வைத்திருப்பவர் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் துணிப் பைகளில் கட்டிக் கொண்டுவரப்பட்ட பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது, ரசீது மட்டும் கிடையாது என்று யாராவது சொன்னால் அது அந்த வழியில் வந்ததாக இருக்கலாம்.

கடைசியாக, ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 1961-இல் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பெண் பாம்பு, 2020 ஜூலையில் ஏழு முட்டை இட்டது. அப்போது அதன் வயது 62-ஐத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஆண் பாம்பின் பக்கமே அது போனதில்லை என்பது வேறு கதை. அதைக் கொடுத்தவர் எடுத்த முடிவுக்கு மூன்று தலைமுறைக் காப்பாளர்கள் எலிக்கு உறைவு நீக்கியிருப்பார்கள்.

பதினைந்து வயதுப் பையன் கேட்கிறான் என்று வாங்கிக் கொடுக்கும் அப்பா அம்மாக்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை, நாங்களும் போடவில்லை. மகன் பல்கலைக்கழகம் போய்விட்டான். விடுதியில் பாம்புக்கு அனுமதி இல்லை. ராஜா, அதுதான் எங்கள் பாம்பின் பெயர், எங்கள் மாடி அறையில் இருக்கிறது. வயது ஏழு. நவம்பரிலிருந்து சாப்பிடவில்லை. போன மாதம் 1,410 கிராம், இந்த மாதம் 1,402. இன்று காலையில் ஓர் எலியை ஃபிரிட்ஜுக்கு மாற்றி வைத்திருக்கிறேன், பழுப்பு நிறம்.